குறை கூறுவோர் பகைவரா?

சமயப் பற்றோடு எடுக்கப்பட்ட படத்தைக் குறை கூறினால் அச்சமயத்தையே இழிவுபடுத்தியதாகக் கொள்வோர் எந்நாட்டிலும் உண்டு. இவ்வெண்ணத்தால் சமயத்துக்கும் நன்மையில்லை, கலைக்கும் நன்மையில்லை என்பது நம் கருத்து. அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சான்றாகக் காட்டுவோம்.

2014ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே ‘சேவிங் கிறிஸ்மஸ்’ என்னும் படம் வெளிவந்தது. கிறிஸ்மஸைக் காப்பாற்றுதல் என்பது அப்பெயரின் பொருள். நடிகர் கர்க் கேமரன் தம் சொந்தப் பெயரிலேயே அதில் தோன்றுகிறார். குடும்பத்தார் கூடிய கிறிஸ்மஸ் விருந்திலிருந்து அவருடைய மைத்துனர் மட்டும் மனம் நொந்து வெளியேறி, காரில் அமர்ந்திருக்கிறார். இவ்வாடம்பரத்துக்குச் செலவிடும் பணத்தால் பசித்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு உணவளிக்கலாம் என்பது அவருடைய கவலை. மரமும் பரிசும் கிறிஸ்துவின் நெறிக்கு உரியனவா என்பது அவருடைய ஐயம். கேமரன் அருகில் அமர்ந்து ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உரைக்கிறார். கடவுளே மனித உடல் தாங்கி வந்தமையால், பொருள்களைக் கொண்டு விழா எடுப்பதும் தகும் என்கிறார். மைத்துனர் மனம் மாறுகிறார். படம் ஆட்டத்தோடும் விருந்தோடும் முடிகிறது.

‘ராட்டன் டொமேட்டோஸ்’ என்னும் இணையத்தளம் தொகுத்த விமர்சனங்களில் இதனைப் பாராட்டியது ஒன்றேனும் இல்லை. கேமரன் தம் அன்பர்களை அழைத்து, அத்தளத்தில் படத்தின் மதிப்பெண்ணை உயர்த்துமாறு வேண்டினார். செய்தி பரவவே, மற்றவர்கள் திரண்டு வந்து அதனைத் தாழ்த்தினர். 2015இல் மட்டமான படங்களுக்கென வழங்கப்படும் ‘கோல்டன் ராஸ்பெரி’ பரிசுகளுள் நான்கு அதற்குக் கிடைத்தன. அவ்வாண்டின் மிக மட்டமான படம் என்பதும் அவற்றுள் ஒன்று.

ஏளனம் செய்தோர் யாவரும் நடுநிலையாளர் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் மைத்துனரின் கேள்வி என்னவாயிற்று? மரத்துக்கு விளக்கம் கிடைத்தது. பரிசுக்கு விளக்கம் கிடைத்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்ததா? நிக்கலஸ் அடிகள் ஓர் ஏழையின் மூன்று பெண்மக்களுக்கு இரவில் மறைவாகப் பொன் ஈந்தார் என்பது பழங்கதை. படமோ, அவர் 325இல் கூடிய நைசீயா சபையில் மாற்றுக் கொள்கையாளர் ஒருவரை அடித்தார் என்னும் கதையையே பெரிதாக விரித்துக் காட்டுகிறது. ஈந்த கையை விட்டு அடித்த கையைப் போற்றும் படத்தைக் கண்டு அறிவுடையோர் முகஞ் சுளித்தால், அது சமயப் பகையாகுமா?

சமயத்தைக் காக்க விழைவோர் வெளியே இருக்கும் விமர்சகரோடு போராட வேண்டுவதில்லை. தம் வீட்டு விருந்திலிருந்து மனம் நொந்து எழுந்து போகிறவனின் கேள்விக்கு முதலில் செவி கொடுக்கட்டும்.