பட்டைக்கு ஒரு வழி, தழைக்கு ஒரு வழி

இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் எழுத்தில் காம்ஃப்ரி என்ற செடிக்கு, நம் இயற்கை விவசாயிகளின் பேச்சில் நாட்டுப் பசுவுக்கு இருக்கும் இடம் இருக்கிறது. சொரசொரப்பான நீண்ட இலை, ஆழ இறங்கும் தடித்த வேர், வெட்ட வெட்டத் துளிர்க்கும் குணம். அந்த இலையை மட்குக் குவியலில் போடுகிறார்கள். தக்காளிக் குழியில் இடுகிறார்கள். பீப்பாய் நீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கறுத்த கரைசலை நீர் கலந்து செடிக்கு ஊற்றுகிறார்கள். சாம்பல் சத்து அதில் மிகுதி. உள்ளுக்குச் சாப்பிட்டால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் அதில் உண்டு என்பதை அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் சொல்லும்.

அதன் கதை சுவையானது. ஹென்றி டபுள்டே என்ற எஸ்ஸெக்ஸ் பகுதிக்காரர் 1870களில் ரஷ்யாவிலிருந்து இச்செடியை வரவழைத்தது உரத்துக்காக அல்ல. அஞ்சல் தலையின் பின்புறம் தடவும் பசை இதன் வழவழப்பிலிருந்து கிடைக்குமா என்று பார்ப்பதற்காக. பசை கிடைக்கவில்லை, செடி தங்கிவிட்டது. 1950களில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் பாக்கிங் என்ற ஊரில் இதன் வகைகளை எண்ணிட்டுப் பிரித்து வளர்த்தார். அவற்றில் 14ஆம் எண் வகை முளைக்கும் விதை தராது. நினைத்த இடமெல்லாம் பரவாது. வேர்த்துண்டை நட்டால்தான் உண்டு. ஆகவே அதுவே தோட்டக்காரர்களுக்கு உகந்ததாயிற்று. ஹில்ஸ் தன் ஆய்வுச் சங்கத்துக்கு டபுள்டேயின் பெயரையே வைத்தார்.

இந்த வரலாற்றையெல்லாம் எங்களுக்கு ஆர்வத்துடன் எழுதியனுப்பியவர் அயல்நாட்டில் வாழும் நண்பர். திண்டுக்கல் நகருக்கும் சிறுமலை அடிவாரத்துக்கும் இடையே நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றேகால் ஏக்கர் செம்மண் நிலத்தைப் பார்த்து வருகிறோம். பாதி தென்னை, மீதி தக்காளியும் கத்தரியும். மண்ணைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். கரிமச் சத்து இல்லாத மண் அப்படித்தான் இருக்கும். இதற்கு மருந்து காம்ஃப்ரிதான் என்பது நண்பரின் கட்சி. வேர்த்துண்டு வாங்கும் வழியைக்கூட எழுதியிருந்தார்.

குளிர்நாட்டின் ஈரமான ஓடைக்கரைச் செடி, சித்திரையில் 38 பாகையைத் தாண்டும் எங்கள் சமவெளியில் என்ன பாடுபடும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். பக்கத்துக் காட்டுக்காரர், எழுபதைக் கடந்தவர், நாங்கள் படத்தைக் காட்டிய கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அது எந்த ஊருச் செடி தம்பி? கொழிஞ்சி இருக்கையில அது எதுக்கு?” பிறகு அவராகவே பட்டியலிட்டார்: கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கு, வேம்பு, பூவரசு, வாதநாராயணன். நடவுக்கு முன் தொளியில் போட்டு மிதித்தவை, தென்னம்பாத்தியில் இட்டு மண் மூடியவை. “இதெல்லாம் அப்ப வண்டி வண்டியா வரும்” என்றார். ‘அப்ப’ என்பதற்கு ஆண்டு கேட்டோம், சொல்லத் தெரியவில்லை. தான் இளவட்டமாக இருந்தபோது என்றார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பசுந்தாள் உரம், பசுந்தழை உரம் என்று வேளாண் நூல்கள் இரண்டாகப் பிரிக்கின்றன. நாமோ இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். வயலிலேயே விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது பசுந்தாள்: சணப்பு, தக்கைப்பூண்டு, மணிலா அகத்தி, கொழிஞ்சி. வேறெங்கோ வளர்ந்ததை வெட்டிக் கொண்டுவந்து இடுவது பசுந்தழை. முதல் வகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன; அது மண்ணுக்குப் புதுவரவு. எருக்கோ வேம்போ அப்படிச் செய்வதில்லை. ஆவாரை அவரையின் தூரத்து உறவுதான் என்றாலும் அதன் வேரிலும் முடிச்சில்லை. காம்ஃப்ரியும் இந்த இரண்டாம் வரிசையில் நிற்பதுதான். இவை சத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றுகின்றன. தோட்டத்து மூலையில் காம்ஃப்ரி வளர்ப்பவர் அந்த மூலையின் சத்தைத் தக்காளிப் பாத்திக்குக் கடத்துகிறார், அவ்வளவே. ஆழத்து மண்ணிலிருந்து வேர் சத்தை ஏற்றிக் கொண்டுவருகிறது என்ற புகழுரைக்கு வயல் ஆய்வுகளின் ஆதரவு மெலிந்தது.

அப்படியானால் பசுந்தழைக்கு எப்போதும் இன்னொரு நிலம் வேண்டும். குளக்கரை, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் தரை, காட்டோரம். வயலின் வளம் வயலுக்கு வெளியே இருந்தது என்று சொல்லலாம்.

நிற்க. கணக்கையும் பார்த்துவிடுவோம். நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 6.25 டன் பசுந்தழை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு இரண்டரை டன். பச்சைத் தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். உலர்ந்த நிறையாக 500, 600 கிலோ தேறும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால் கிட்டும் தழைச்சத்து 15 முதல் 18 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். மூட்டையின் விலை 2018இல் இந்த எடைக்கு வந்ததிலிருந்து, வேப்ப எண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய். இரண்டரை டன் தழையை வெட்டி, கட்டி, சுமந்து, பரப்ப எத்தனை ஆள், எத்தனை நாள் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். பெரியவர் இதை எங்களைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: “தழை வெட்டுற கூலிய யாரு குடுப்பா? யூரியான்னா ஒருத்தன் தோள்ல வச்சுக்கிட்டு வந்துர்றான்.”

ஆனால் யூரியாவில் தழைச்சத்து மட்டுமே உண்டு. தழையோ தன்னோடு கரிமத்தையும் கொண்டுவருகிறது. மண்ணைக் கையில் நிற்க வைப்பது அதுதான். நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே கரிமம் இருந்தால் மண் பரிசோதனை அட்டையில் ‘குறைவு’ என்று எழுதுவார்கள். எங்கள் அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. வெப்பநாட்டு மண்ணில் இட்ட கரிமம் விரைந்து எரிந்துவிடும். இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை போட்டால் தீர்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூலி மட்டும்தான் காரணமா என்று எங்களுக்குள் நெடுநாள் விவாதம். அப்போதுதான் ஆவாரையின் மறுபக்கம் கண்ணில் பட்டது. திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் நினைவுக்கு வருகிறவர்களுக்குத் தோல் நினைவுக்கு வருவதில்லை. இந்த ஊர் தோல் பதனிடும் ஊர். பழைய சென்னை மாகாணத்தின் தோல் தொழில் ஆவாரம்பட்டையில் நின்றது. அந்தப் பட்டையின் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காத்தது. இங்கிருந்து கப்பலேறிய தோல் வெளிநாட்டுச் சந்தையில் தனிப் பெயரோடு விற்றது. காப்புக்காடுகளில் பட்டை சேகரிக்கும் உரிமையை வனத்துறை ஏலம் விட்டது. ஒரே செடியின் பட்டை தொட்டிக்குப் போயிற்று, தழை தொளிக்குப் போயிற்று. கிளையை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் செடியாதலால் இரண்டும் ஓரளவு கூடியே நடந்தன. டபுள்டேயின் செடி பசைக்கென்று வந்து உரமாயிற்று. எங்கள் செடி உரமாக இருந்தபடியே ஆலைக்கும் பட்டை கொடுத்தது.

பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை மலிவாக வந்திறங்கியது. அதே வாட்டிலை நம் மலைகளிலும் நட்டார்கள். பழனி மலையின் புல்வெளிகளை மூடிக்கொண்டு, இன்று அகற்றும் வகை தெரியாமல் நிற்பவை அம்மரங்களே. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதும் பதனிட்ட தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் கிடைத்தது. குரோமியப் பதனிடல் பரவிற்று. பட்டைக்கு வாரக்கணக்காகும் வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். பட்டைக்குக் கேட்பாரில்லை. ஆவாரையை யாரும் அழிக்கவில்லை, யாருக்கும் வேண்டாததாயிற்று. வேண்டாத செடி நின்ற நிலம் தரிசு என்று பெயர் பெற்றது. தரிசில் மனை விழுந்தது, அல்லது சீமைக் கருவேலம் புகுந்தது. பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் காப்புக் கட்டுவதற்குச் சந்தையில் விற்கும் கட்டுகளில்தான் நகரவாசிகள் இன்று ஆவாரையைக் காண்கிறார்கள். சர்க்கரை நோய்க்கென்று தேநீர்ப் பொடியாகவும் அது வருகிறது; அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தோல் தொட்டிகளிலிருந்து வெளியேறிய நீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தோலைக் கெடாமல் வைக்க இடும் உப்பு முழுவதும் கழுவு நீரில் வரும். மதுரைச் சாலை, வத்தலக்குண்டுச் சாலைப் பக்கங்களில் கிணறுகள் உவர்ப்பேறின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதித்தது. ‘மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு. கிணற்று நீரின் சுவையை அது மாற்றவில்லை என்பது அந்தப் பக்கத்து உழவர்களின் அனுபவம். ஆவாரம்பட்டையில் நடந்த தொழிலும் உப்பைப் பயன்படுத்தியதே, ஆகவே பழையதெல்லாம் பொன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அந்நாளில் தொட்டிக்கு மூலப்பொருள் தந்த அதே புதர்க்காடுதான் வயலுக்கும் தழை தந்தது. புதர்க்காடு வாழ்ந்தால்தான் தொட்டியும் வாழும் என்ற நிலை இருந்தது. அந்தக் கண்ணி அறுந்தது.

இடையில் ஒன்று. மட்கு உரத்தை மேலைநாட்டுக்குக் கற்பித்த ஆல்பர்ட் ஹோவர்ட், அதைத் தன் முறையாக வகுத்தது 1924 முதல் 1931 வரை இந்தூரில். இந்திய உழவர்களையே தன் ஆசிரியர்களாகக் கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் இயற்கை வேளாண் இயக்கம் அவர் தோளில் ஏறி நின்றது. அவ்வியக்கம் கொண்டாடும் செடியைத் திருப்பி நம்மிடம் கொண்டுவரும்போது, நம்மாழ்வார் மேடைதோறும் சொல்லிவந்த பலதானிய விதைப்பை மறந்துவிடுகிறோம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் விதை எல்லாவற்றையும் கலந்து விதைத்து, ஐம்பது அறுபது நாளில் மடக்கி உழும் அந்த முறைக்கு எந்தப் புறம்போக்கும் தேவையில்லை, சுமைகூலியும் இல்லை. திண்டுக்கல் எல்லையை ஒட்டிய கடவூர்ப் பக்கத்தில்தான் அவருடைய வானகம் இருக்கிறது.

எனவே எங்கள் முடிவு காம்ஃப்ரிக்கு எதிரானதல்ல. அதற்கு இங்கே வேலை இல்லை என்பதே. தென்னையின் இடைவெளியில் கொழிஞ்சி விதைத்திருக்கிறோம். விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்கச் சொன்னார் பெரியவர். ஆடு மாடு வாய் வைப்பதில்லை. ஒரு முறை காய்த்து உதிர்ந்தால் பிறகு தானாகவே முளைக்கும். வரப்பில் தானாக நின்ற ஆவாரைகளை வெட்டாமல் விட்டுவைத்து, ஆண்டுக்கு இரு முறை கழித்துத் தழையைப் பாத்திக்கு இடுகிறோம். அது போதாது என்று தெரியும். வரப்பு ஒரு புறம்போக்கு ஆகாது.

வத்தலக்குண்டுச் சாலைப் பக்கம் உவர்ப்பேறிய கிணறோடு இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் காட்டுக்கு வந்து கொழிஞ்சியைப் பார்த்தார். உப்பு மண்ணில் அது நிற்குமா என்று கேட்டார். தக்கைப்பூண்டுதான் நிற்கும் என்றோம். புரட்டாசி மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்திருக்கிறார். முளைப்பு ஒரே சீராக இல்லை. கிணற்றோரம் வெள்ளை பூத்த பகுதியில் திட்டுத் திட்டாகத்தான் வந்திருக்கிறது. பூவெடுத்ததும் மடக்கி உழுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளைத் திட்டில் மட்டும் இன்னொரு முறை விதைக்க எங்களிடம் கொஞ்சம் விதை கேட்டார், கொடுத்தனுப்பியிருக்கிறோம்.