சாக்பீஸ் ஞாயிறு



அயர்லாந்து கிராமங்களில் அந்தக் காலத்தில் தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின நாளுக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். வரன் அமையாதவர்கள் பாடுதான் பாவம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்கு வந்தால், பல ஊர்களில் பிள்ளைகள் பின்னாலேயே வந்து சட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். அந்த நாளுக்கே 'சாக்பீஸ் ஞாயிறு' என்று பெயர். ஊரே சிரிக்கும்.

1937 முதல் 1939 வரை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு, இப்படிப் பழைய வழக்கங்களை நிறைய எழுதி வைத்தார்கள். நல்ல வீட்டுப்பாடம்!

காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்த கை இது. அதைக்கொண்டு ஒருவர் முதுகில் அவமானத்தை எழுதினார்கள் என்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நம் வீட்டு விசேஷங்களில் "இன்னும் ஆகலையா?" என்று கேட்பதும் அதே கோடுதான். இனி யாரையும் அப்படிக் கேட்காதீர்கள், பிள்ளைகளா.