இரண்டு டிக்கெட், ஒரே தாள்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். ஒன்று பழையது, பெரிய நிறுவனங்களின் விமானங்கள் வந்து போவது. மற்றது மலிவுக் கட்டண விமானங்களை மனதில் வைத்து 2014-இல் திறந்தது, கே.எல்.ஐ.ஏ. 2 என்று பெயர். இப்போது முனையம் 2 என்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் மூன்று நிமிடம். ஆனால் அந்த ரயிலில் ஏற வேண்டுமானால் முதலில் இமிகிரேஷனைத் தாண்டி மலேசியாவுக்குள் கால் வைக்க வேண்டும். இந்த விவரம் தெரியாமல் திருச்சியில் ஒருவர் டிக்கெட் விற்றார், ஒருவர் வாங்கினார். வழக்கு அங்கேதான் பிறந்தது.

என் கட்சிக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கோர்ட்டிலும் நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் படுத்துப் புரண்ட நான்கு பேரில் இவர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். மற்ற மூவரும் சிங்கப்பூர், மெல்பர்ன், டொரன்டோ என்று போய்விட்டார்கள். எல்லோருக்கும் அறுபது வயது ஆகிறது, ஒரு தடவையாவது பிள்ளை குட்டி இல்லாமல் சந்திப்போம் என்று ஆரம்பித்த பேச்சு ஹாங்காங்கில் வந்து நின்றது. டொரன்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் அங்கே நேர் விமானம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விசா எடுக்க வேண்டாம். 2017-இலிருந்து இணையத்தில் முன்பதிவு ஒன்று செய்தால் போதும், காசும் கிடையாது. அந்தப் பதிவைச் சிங்கப்பூர் சிநேகிதி உட்கார்ந்த இடத்திலிருந்தே டீச்சருக்காகச் செய்து கொடுத்துவிட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் எதிர்தரப்பு வக்கீல் இதைக் கையில் எடுத்தார்.

டிக்கெட் போட்டது தில்லை நகரில் ஒரு டிராவல்ஸ். தங்கள் பெயர் அச்சிட்ட தாளில் பயண விவரத்தை அழகாகக் கொடுத்திருந்தார்கள்: திருச்சி, கோலாலம்பூர், ஹாங்காங், கோலாலம்பூரில் நான்கு மணி நேரம் இடைநிறுத்தம். ஒரே பயணம் போலத் தெரியும். அடியில் பொடி எழுத்தில் இரண்டு பி.என்.ஆர். எண்கள், இரண்டு வேறு நிறுவனங்கள். ஒன்று முனையம் 2-இல் இறக்கிவிடுகிறது, மற்றது பழைய முனையத்திலிருந்து கிளம்புகிறது. விலை குறைவாக வருகிறதே என்று கணினியில் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார் கவுண்டரில் இருந்த பையன்.

2018 நவம்பர். அப்போது இந்தியர்கள் மலேசியாவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விசா இல்லாமல் விடுவது 2023 டிசம்பரில்தான் வந்தது. திருச்சி விமான நிலையத்தில் மலேசிய விசா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் டிராவல்ஸ் தாளை நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் மேலதிகாரியிடம் காட்டி, “டிரான்சிட்தானே” என்று போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார். பெட்டிக்கு ஒட்டிய சீட்டில் இருந்தது கோலாலம்பூர் மட்டும். அதை டீச்சர் கவனிக்கவில்லை. யார் கவனிக்கிறார்கள்?

காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர். அடுத்த விமானம் பதினொன்றுக்கு. இடைமாற்றக் கவுண்டரில் போய் நின்றால், உங்கள் விமானம் இந்தக் கட்டடத்திலேயே இல்லை, வெளியே போய் ரயில் பிடியுங்கள் என்கிறார்கள். இமிகிரேஷனில் போய் நின்றால், விசா இல்லாமல் வெளியே விட முடியாது என்கிறார்கள். அந்தத் தடுப்புக்கு அப்பால் எங்கேயோ பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது: மூன்று பட்டுப்புடவைகள், நான்கு கிலோ மணப்பாறை முறுக்கு, டீச்சரின் சால்வை. பதினொன்றுக்கு விமானம் போய்விட்டது.

சிங்கப்பூர் சிநேகிதிதான் காப்பாற்றினார். அதே முனையத்திலிருந்து கிளம்பும் வேறு விமானத்தில், மறுநாள் காலைக்கு ஒரு சீட்டு வாங்கி அனுப்பினார். அன்று பகலும் இரவும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார், ஏ.சி. குளிரில், முந்தானையைப் போர்த்திக்கொண்டு. ரத்த அழுத்த மாத்திரை கைப்பையில் இருந்தது ஒன்றுதான் நல்ல காலம்.

ஹாங்காங் போய் இறங்கியதும் முடியவில்லை. அங்கே வருகைக் கூடம் ஏ, பி என்று இரண்டு. சிநேகிதிகள் ஏ-யில் காத்திருக்க, இவர் பி வழியாக வெளியே வந்தார். மெல்பர்ன்காரர் பொறுமை இழந்து, இந்த விமானத்திலும் வரவில்லை போலிருக்கிறது என்று நகரத்துக்கு ரயில் ஏறிவிட்டார். 24 நிமிடப் பயணம். போன வேகத்தில் மறு ரயிலில் திரும்பி வந்தார். நால்வரும் ஒரு வழியாகக் கட்டிக்கொண்டு அழுதபோது, லாந்தாவ் தீவுப் பெரிய புத்தரைப் பார்க்கக் கேபிள் காருக்கு எடுத்து வைத்திருந்த சீட்டுகள் முந்தைய தேதியோடு வீணாகியிருந்தன. மூன்று நாள் சந்திப்பில் ஒரு நாள் போயிற்று.

அதோடு, முதல் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் டிக்கெட்டை அந்தப் பதினொரு மணி விமானத்தின் நிறுவனம் தானாகவே ரத்து செய்துவிட்டது. ரத்து செய்யாவிட்டாலும் பயனில்லை. திரும்பும்போதும் அதே இரண்டு முனையம், அதே இமிகிரேஷன் தடுப்பு. சிங்கப்பூர் வழியாகப் புது டிக்கெட் எடுத்து ஊர் வந்து சேர்ந்தார்.

என்னிடம் வந்தபோது டீச்சருக்கு விமான நிறுவனங்கள்மேல்தான் கோபம். முக்கியமாக, இடைமாற்றக் கவுண்டரில் முகம் கொடுத்துப் பேசாத பெண்மேல். என் ஜூனியரும் இரண்டு நிறுவனங்களையும் சேர்த்து வழக்குப் போடலாம், மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது என்று துள்ளினான். இந்தியா 2009-இல் சேர்ந்த அந்த ஒப்பந்தம் நல்ல ஆயுதம்தான். விமானம் தாமதமானாலும் பெட்டி தொலைந்தாலும் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் இங்கே யார் தாமதித்தார்கள்? முதல் விமானம் சொன்ன நேரத்தில் இறங்கியது. இரண்டாவது சொன்ன நேரத்தில் கிளம்பியது. பெட்டியும் சீட்டில் எழுதிய ஊரில் ஒழுங்காக இறங்கியது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஏற்றிச் செல்வதை ஒரே பயணமாகக் கருத அந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அதற்குத் தரப்பினர் எல்லோரும் அப்படி நினைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் டீச்சர் எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்பதே தெரியாது. ஒரே பயணம் என்று எழுதியிருந்தது உலகத்தில் ஒரே ஒரு தாளில். அந்தத் தாளை அச்சடித்தவர்தான் நம் எதிராளி என்றேன். பயணி யாரிடம் நின்று அழுதாரோ அவர்மேல் வழக்குப் போடத் தோன்றுவது இயல்பு. அந்தக் கவுண்டர் பெண்ணைக் கட்சியாக்கியிருந்தால் நான்கைந்து வருஷம் வாய்தா வாங்கிக்கொண்டு, முடிவில் கையைத் தட்டிக்கொண்டு வந்திருப்போம்.

அப்போது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. டிராவல்ஸும் திருச்சி, டிக்கெட் வாங்கியதும் திருச்சி என்பதால் மாவட்ட மன்றத்தின் எல்லை பற்றிப் பேச்சே எழவில்லை. நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. முறையீடு தாக்கலானதும் பதிலுரை மட்டும் தடிமனாக வந்தது.

எதிர்தரப்பு வக்கீல் என் நண்பர், கெட்டிக்காரர். ஒப்பந்தச் சட்டம் 230-ஆவது பிரிவைப் பிடித்தார். முதலாளி யார் என்று தெரிந்த நிலையில், அவர் சார்பில் செய்த ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் தானே கட்டுப்பட்டவர் ஆகமாட்டார் என்கிறது அது. விமானம் ஓட்டுவது நாங்களா என்று கேட்டார். எங்கள் முறையீடு விமானம் ஓட்டியதைப் பற்றி இல்லையே. இரண்டு டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாகக் கோத்து, அதற்கென்று பில்லில் தனியே சர்வீஸ் சார்ஜ் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சேவை யாருடையது? விமான நிறுவனங்களைச் சேர்க்காதது குறை, திருச்சிக் கவுண்டரிலேயே தடுத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள் என்றும் வாதாடினார். தடுத்திருக்கலாம்தான். ஆனால் அவர்களை ஏமாற்றியதும் அதே தாள்தானே.

அவருடைய நல்ல வாதம் வேறு. ஹாங்காங்குக்கு வேண்டிய முன்பதிவைப் பயணியே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே விசா தன் பொறுப்பு என்பது அவருக்குத் தெரியும் என்றார். எனக்கே ஒரு கணம் சரியென்று பட்டது. போகிற ஊருக்கு என்ன வேண்டும் என்று பயணி விசாரிப்பார். போகாத ஊருக்கு விசா வேண்டும் என்று யார் சொல்லித் தெரியும்? அதைச் சொல்லத்தான் சர்வீஸ் சார்ஜ். இந்த ஒரு வரியை மன்றத் தலைவர் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பிறகு வந்தது வாட்ஸப் விவகாரம். கோலாலம்பூரில் நடந்ததற்கு எங்களிடம் இருந்த முதன்மைச் சான்று நான்கு சிநேகிதிகளின் குழு உரையாடல். “இமிகிரேஷன்ல விட மாட்டேங்கிறாங்கடீ” என்று டீச்சர் அனுப்பியதும், “எங்கடீ இருக்க, பயமா இருக்கு” என்று மற்றவர்கள் பதறியதும் அதில் இருந்தன. டீச்சர் போனிலிருந்து எடுத்த பிரதியைச் சான்றாவணமாகக் குறித்தோம். மின்னணுச் சான்றுக்கு அப்போது வேண்டியிருந்த 65பி சான்றிதழும் வைத்தோம். நுகர்வோர் மன்றத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை, இருந்தாலும் வைத்துவிடுவது என் வழக்கம். சிங்கப்பூர் சிநேகிதி தன் போன் பிரதியை இணைத்து, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் அனுப்பினார். இந்தியத் தூதரக அதிகாரி முன் எடுக்கும் உறுதிமொழி இங்கே செல்லும். 1948-லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது.

இரண்டு பிரதிகளையும் நண்பர் அருகருகே வைத்தார். ஒரே செய்தி, டீச்சர் பிரதியில் நேரம் 6.20, சிங்கப்பூர் பிரதியில் 8.50. “ஒன்று பொய், அல்லது இரண்டும் பொய்” என்றார். அடுத்துக் குரலை உயர்த்தி, “விமானம் இறங்கிய நேரம் காலை ஏழு என்று அவர்கள் டிக்கெட்டே சொல்கிறது. 6.20-க்கு இமிகிரேஷனில் நிறுத்திவிட்டார்களாம். வானத்திலேயே நிறுத்தினார்களா?” மன்றத்தில் சிரிப்பு. என் ஜூனியர் வெளிறிப்போனான்.

சிரிப்பு அடங்கட்டும் என்று பொறுத்தேன். வாட்ஸப் ஒரு செய்தியின் நேரத்தைப் போன் எந்த ஊர்க் கடிகாரத்தில் ஓடுகிறதோ அந்த ஊர்க் கணக்கில்தான் காட்டும். டீச்சரின் பிரதி திருச்சியில் எடுத்தது, அதனால் இந்திய நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. மலேசியாவும் ஹாங்காங்கும் அதே கணக்குதான். டிக்கெட்டில் போட்ட ஏழு மணி மலேசிய நேரம். 6.20-உடன் இரண்டரையைக் கூட்டினால் 8.50. இறங்கி இரண்டு மணி நேரம்போல ஆன பிறகு அனுப்பிய செய்தி. உறுப்பினர் ஒருவர் தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தார். இரண்டு பிரதியிலும் ஒவ்வொரு செய்திக்கும் அதே இரண்டரை மணி வித்தியாசம். பொய்யாகத் தயாரித்தவர்கள் இரண்டு பிரதியிலும் ஒரே நேரத்தைப் போட்டிருப்பார்கள். நண்பர் சட்டென்று அடுத்த வாதத்துக்குத் தாவினார்.

அது புகைப்படம். டொரன்டோக்காரர் முகநூலில் போட்ட படங்களைத் தேடி எடுத்திருந்தார்கள். விக்டோரியா துறைமுகக் கரையில், இரவல் சுடிதாரில், டீச்சர் வாய்விட்டுச் சிரிக்கிறார். “மன உளைச்சல் எங்கே இருக்கிறது?” என்றார் நண்பர். நான் எழுந்திருக்குமுன் டீச்சரே எழுந்தார். “ஐயா, என் சிநேகிதிகளை நாற்பது வருஷம் கழிச்சுப் பார்க்கிறேன். சிரிக்காம என்ன செய்யச் சொல்றீங்க? இடுப்புல இருக்கிற சுடிதார் யாரோடதுன்னு கேளுங்க.” வாதத்தின்போது கட்சிக்காரர் வாய் திறந்தால் எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு உட்காரச் சொல்லவில்லை.

கேபிள் கார் சீட்டுகளின் பணத்தையும் கேட்க வேண்டும் என்று டீச்சர் நின்றார். மறுத்துவிட்டேன். அதை வாங்கியவர் மெல்பர்ன்காரர். அவருக்கும் தில்லை நகர் டிராவல்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முறுக்கையும் புடவையையும்கூடக் கோரிக்கையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் பெட்டி சில வாரத்தில் திருச்சிக்கே வந்து சேர்ந்தது. முறுக்கு மட்டும் மாவாக வந்தது.

கொரோனா குறுக்கே வந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது. தீர்ப்பு வந்தபோது, புதிதாக வாங்க நேர்ந்த டிக்கெட்டுகளின் விலையும் பயன்படாத டிக்கெட்டின் விலையும் முழுதாகக் கிடைத்தன. மன உளைச்சலுக்குக் கேட்டதில் பாதிக்கும் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம் மன்றங்கள் பில் இருக்கும் நஷ்டத்துக்குத் தாராளமாகவும், பில் இல்லாத நஷ்டத்துக்குக் கைச்சுருக்கமாகவும் நடக்கின்றன. மூன்று நாளில் ஒரு நாள் போனதற்கு விலை போடத் தெரியாததால், ஒரு வட்டமான தொகையைப் போட்டு முடித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் இன்னும் இரண்டு வருஷம் அலைய வேண்டும். டீச்சர் போதும் என்றார்.

டிராவல்ஸ் உரிமையாளர் டி.டி.யை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்தார். ரசீது வாங்கிக்கொண்டு கிளம்பாமல், “சார், இனிமே பில்லுல விசாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு போட்டுடலாமா?” என்று கேட்டார். கேஸ் கட்டைப் பிரித்து அவருடைய பழைய பில்லின் பின்பக்கத்தைக் காட்டினேன். அதே வாசகம், எறும்பு அளவு எழுத்தில், அங்கே ஏற்கெனவே இருந்தது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு முழுக்கப் படித்தார். இதைத் தான் அச்சடித்தது அவருக்கே தெரியாது. அதற்குப் பதிலாக முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், இவை இரண்டு தனி டிக்கெட்டுகள், நடுவில் இறங்கும் நாட்டுக்கு விசா வேண்டும், பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். பேரம் பேசினார்.