கிரகத்தில் குடியேறப் போறீங்களா? எங்க சின்னம்மாவைக் கேளுங்க!

பையனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பான் என்றார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். படிக்கவும் செய்கிறான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதில் ஓடுவது பாடம் இல்லை, விண்வெளி.

விளையாட்டின் பெயர் ஸ்டெல்லாரிஸ். ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. கதை 2200-ம் வருடம் ஜனவரி 1-ம் தேதி தொடங்கும். உங்களிடம் ஒரு கிரகமும் அதில் கொஞ்சம் மக்களும் சில கப்பல்களும் இருக்கும். அங்கிருந்து கிளம்பி மற்ற நட்சத்திரங்களில் குடியேறி ஒரு ராஜ்ஜியம் கட்ட வேண்டும். ஏதோ சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு என்று நினைத்து ஒருநாள் திட்டப் போனேன். எட்டிப் பார்த்தால் உணவு, தாது, எனர்ஜி என்று திரையின் மேலே வரிசையாக வரவு செலவுக் கணக்கு! சீட்டு கட்டுகிறவளுக்கு அது புரியாதா? பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு மாதமாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இதை ஆரம்பித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தால், நாங்கள் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பேராசை வேண்டாம். எத்தனை நட்சத்திரம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்கும். 200 முதல் 1000 வரை வைத்துக்கொள்ளலாம். என் மகன் எடுத்த எடுப்பில் ஆயிரத்தைத் தட்டினான். விளையாட்டு போகப் போக லேப்டாப் திணறி, அதன் ஃபேன் எங்கள் வீட்டுக்காரரின் போட் இன்ஜின் மாதிரி சத்தம் போட்டது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு 200 தாராளம். பக்கத்திலேயே வாழத் தகுந்த கிரகங்கள் எத்தனை உறுதியாக வேண்டும் என்றும் கேட்கும். அதை இரண்டிலேயே விடுங்கள். நமக்கு முன்பே வளர்ந்து நிற்கிற ராஜ்ஜியங்கள் எத்தனை என்றால் பூஜ்யம் போடுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் காலமே நின்றுவிடும். இந்த வசதி நிஜத்தில் இருந்தால் நான் சமையலுக்கு நடுவே பத்து தடவை தட்டியிருப்பேன்.

எந்த மாதிரி கிரகத்தில் பிறந்த ஜனங்கள் என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பாலைவனம், பனி, புல்வெளி என்று பல வகை உண்டு. எங்கள் வீட்டில் விவாதமே இல்லை, கடல்தான். கடல் கிரகத்து ஜனங்களுக்கு இன்னொரு கடல் கிரகம் 80 சதவிகிதம் ஒத்துப்போகும். கண்டம், வெப்பக்காடு என்று ஈரமுள்ள மற்ற கிரகங்கள் 60 சதவிகிதம். பாலைவனத்திலோ பனியிலோ கொண்டுபோய் விட்டால் வெறும் 20. ஒத்துப்போகாத இடத்தில் செலவு கூடும், ஜனம் பெருகாது. இதைப் பார்க்காமல் 'இடம் கிடைக்குதே' என்று போய் இறங்குவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு.

இறங்குவதற்கு முன் ஆராய்ச்சிக் கப்பலை அனுப்பிச் சுற்றுவட்டாரத்தை அலசுங்கள். ஒன்று போதாது, இரண்டாவதையும் சீக்கிரம் கட்டிவிடுங்கள். தூரத்திலிருந்து காலியாகத் தெரிகிற கிரகத்தில் கிட்டப் போனால் ஏற்கெனவே யாராவது வாழ்ந்துகொண்டிருப்பார்கள். இது எனக்குப் புதிதில்லை. எங்கள் குப்பத்து மணலும் வரைபடத்தில் காலியாகத்தான் தெரியும். நாங்கள் வலை உலர்த்துவது, போட் ஏற்றி வைப்பது, கருவாடு காய வைப்பது எல்லாம் அந்தக் காலியிடத்தில்தான். 1882-ல் பிரம்மஞான சபையை அடையாறுக்குக் கொண்டுவந்த கர்னல் ஒல்காட்டின் பெயர் எங்கள் ஊரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அன்னி பெசன்ட் பெயரில் பெசன்ட் நகர் வந்தது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் எங்கேயும் போகவில்லை, எங்களைச் சுற்றித்தான் குடியேற்றம் நடந்திருக்கிறது.

விளையாட்டில் புதுக் குடியிருப்புக்குக் காலனி என்று பெயர். மகன் "இன்னொரு காலனி போடறேன்" என்று சொல்லும்போதெல்லாம் என் மாமியார் முகம் சுளிப்பார். அந்தச் சொல்லால் பட்டவர் அவர். அரசு ஆவணங்களிலிருந்தே அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாங்களும் வீட்டுக்குள் 'குடியிருப்பு' என்று மாற்றிக்கொண்டோம்.

குடியேற்றக் கப்பல் கட்டுவது லேசான செலவில்லை. உலோகம், உணவு, வீட்டு உபயோகப் பொருள் எல்லாவற்றையும் விழுங்கும். போய் இறங்கியதும் அந்தக் கப்பலையே பிரித்து முதல் கொட்டகையாகப் போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அது. என் அப்பா கட்டுமரத்தைக் கரையில் பிரித்துப் போடுவது ஞாபகம் வரும். ஆனால் அந்தக் குடியிருப்பு உடனே எதுவும் தராது. வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். மேலே இருக்கிற கணக்கில் மாத வரவு மைனஸில் போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கப்பல்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நாங்கள் பெரிய தப்பைச் செய்தோம்.

இரண்டாவது கிரகம் மெதுவாக வளர்ந்தது. மகனுக்குப் பொறுமை இல்லை. அங்கே வீடுகளாகக் கட்டித் தள்ளினான். சுரங்கம், பண்ணை என்று வேலை தருகிற இடங்கள் ஒன்றிரண்டுதான். தாய்க் கிரகத்து ஜனங்களை அங்கே மாற்ற இந்த விளையாட்டில் ஒரு வசதி இருக்கிறது. கொஞ்சம் எனர்ஜி செலவு செய்து நாலு கிளிக் செய்தால் போதும், ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். மாற்றினான். கொஞ்ச நாளில் அந்தக் கிரகத்தின் பக்கத்தில் சிவப்பு அடையாளம் வந்தது. அமைதி குறைந்து குற்றம் கூடியது.

அன்றைக்கு என் சின்னம்மா வீட்டில் இருந்தார். நெத்திலி ஆய்ந்துகொண்டே திரையைப் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு, செவப்பா வந்துகினே கீது?"

"ஜனங்க கோவமா இருக்காங்க சின்ன ஆயா. வீடு குடுத்துட்டேன், வேலை இல்ல."

"வர்றதுக்கு முன்னாடி இன்னா வேலை பண்ணிக்கினு இருந்தாங்க?"

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாக்கல ஆயா."

"எங்களையும் அப்டித்தான், பாக்காமயே அனுப்பிட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த மீனை எடுத்துக்கொண்டார்.

2004 சுனாமியில் சின்னம்மாவின் குடிசை போனது. அப்புறம் செம்மஞ்சேரியில் வீடு கிடைத்தது. கெட்டியான கூரைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சின்னப்பாவின் போட் இங்கே. விடியற்காலை மூன்று மணிக்குக் கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தால்தான் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரியும். அந்த நேரத்துக்கு செம்மஞ்சேரியிலிருந்து எந்த பஸ் வரும்? கொஞ்ச காலம் எங்கள் வாசல் மணலிலேயே படுத்துத் தொழிலுக்குப் போனார். முதுகு விட்டுவிட்டது. போட்டில் இருந்த பங்கை விற்றுவிட்டு, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் ஆனார். ஐம்பது வயது வரை அலையைப் படித்த மனிதர், கேட்டில் கார் நம்பர் எழுதினார். சின்னம்மா மட்டும் இன்றைக்கும் பஸ் மாறி வந்து, எங்கள் கரையில் மீன் எடுத்து விற்றுவிட்டுப் போகிறார்.

இதெல்லாம் என் மகனுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவன் ரொம்ப நேரம் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது, வீட்டுக்கு முன்னால் வேலையைப் பாருங்கள். ரொம்ப முன்னாடியே கட்டிக் குவிக்கவும் வேண்டாம், ஆள் இல்லாத கட்டடத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. இருக்கிற ஜனத்துக்கு மேல் ஒன்றிரண்டு வேலை காலியாக இருந்தால் சரியாக இருக்கும். வேலையும் வீடும் இருக்கிற இடம் தெரிந்தால், வேலையில்லாத ஜனங்கள் மெதுவாகத் தாங்களே இடம் மாறிக்கொள்வார்கள். நாம் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. கொள்கைகள் என்கிற பக்கத்தில், ஆட்களை இப்படி மாற்றுவதையே தடை செய்யவும் முடியும். மகன் தடை செய்துவிட்டான். எங்கள் ராஜ்ஜியம் இப்போது ஆமை வேகத்தில் வளர்கிறது. பக்கத்து ராஜ்ஜியக்காரன் எங்களைப் போல் மூன்று மடங்கு ஆகிவிட்டான். போன வாரம் எங்களிடமிருந்து ஒரு நட்சத்திரத்தையும் பிடுங்கிக்கொண்டான். எனக்கு ஆத்திரம்தான், பழைய மாதிரி ஆடேன்டா என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன். அவன் கேட்கவில்லை.

நேற்று சின்னம்மா வந்தபோது அவராகவே விசாரித்தார்.

"அந்த செவப்புக்காரங்க இன்னா ஆனாங்கடா?"

"சுரங்கம் கட்டினேன் சின்ன ஆயா. பாதிப் பேருக்கு வேலை கெடச்சிது. மிச்சப் பேரு பழைய எடத்துக்கே திரும்பிட்டாங்க."

"கடலுக்கா?"

"ஆமா, கடல் கிரகத்துக்கு."

"எத்தினி பஸ்சு மாறிப் போனாங்களோ" என்று சிரித்துவிட்டு, சின்னம்மா அன்னக்கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தார்.