திரையில் பாதி டீம்

மார்ச் 3, 2025, திங்கள்

பதினோரு மணிக்கு ரிலீஸ் பற்றிய மீட்டிங். எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி, ஐந்து பேர் திரையில். நடுவில் வைத்த மைக் பக்கத்தில் இருப்பவர் குரலை மட்டும்தான் பிடிக்கிறது. யாரோ ஏதோ சொல்ல ரூமே சிரித்தது. "என்னங்க சொன்னீங்க?" என்று திரையிலிருந்து தென்காசிக்காரர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார் மேனேஜர். அவர் போர்டில் போட்ட படம் கேமராவில் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்ததாம். போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 5, புதன்

நேற்று மாலை டீக்கடையில் நின்றபடியே ரிலீஸிலிருந்து ஒரு ஸ்கிரீனைத் தூக்கிவிட்டார்கள். குரூப்பில் யாரும் போடவில்லை. தென்காசிக்காரர் ராத்திரி உட்கார்ந்து அதே ஸ்கிரீனை முடித்திருக்கிறார். காலையில் விஷயம் தெரிந்ததும் "சரிங்க" என்று மட்டும் அனுப்பினார். அப்ரைசல் மாதம், வேறென்ன சொல்வார்?

மார்ச் 6, வியாழன்

அதற்காக ஆபீஸ் வருகிறவர்கள் சுகப்படுகிறார்கள் என்று எழுதிவிட முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்குப் புரொடக்‌ஷனில் பிரச்சினை. மேனேஜர் எழுந்து பார்த்தார், எதிரில் தாம்பரத்திலிருந்து வரும் பெண் தெரிந்தாள். அவள் வேலையே இல்லை அது, ஆனால் கண்ணில் பட்டுவிட்டாள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் ஓ.எம்.ஆரைக் கடந்து அவள் வீடு சேரப் பதினொன்று ஆகிவிடும். "வீட்ல இருக்கறவங்களை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாங்கக்கா" என்றாள்.

பத்தரைக்குத் தென்காசிக்காரரையும் கூப்பிட்டார்கள், அது அவளுக்குத் தெரியாது. வீட்டில்தானே இருக்கிறார், லேப்டாப்பைத் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பது இவர்கள் கணக்கு. அவருக்கு இவள் சொகுசு, இவளுக்கு அவர் சொகுசு. வேலை வாங்குகிறவருக்கு இந்த நினைப்பு வசதியாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

தென்காசியில் கரண்ட் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மஞ்சளானதும் "ஆள் எங்கே?" என்று என்னிடம் கேள்வி. கேன்டீனில் மணிக்கணக்காக அரட்டை அடிப்பவர்கள் தலைக்கு மேல் அப்படி விளக்கு எதுவும் எரிவதில்லை.

மார்ச் 12, புதன்

ரேட்டிங் பட்டியல். "எப்பவும் சீட்ல இருப்பான்" என்ற தகுதியில் ஒருவருக்கு உயர்ந்த ரேட்டிங். முடித்த வேலைகளின் பட்டியலைத் திறந்து காட்டினேன், தென்காசிக்காரர் முன்வரிசையில் இருந்தார். "விசிபிலிட்டி இல்லையேம்மா" என்றார் மேனேஜர்.

ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு 2010-11ல் சீனாவின் சீட்ரிப் கம்பெனி கால் சென்டரில் நடத்திய சோதனை ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்தவர்கள் செய்த வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலைக்கு ஆபீஸில் இருந்தவர்களைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை தாங்காமல் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அதே கம்பெனியில் 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2024ல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு. பதவி உயர்வில் வித்தியாசமே இல்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முகம் காட்ட மூன்று நாள் போதும் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மெயில் வந்துவிட்டது. ஏப்ரல் முதல் எல்லோரும் வாரம் மூன்று நாள் வரவேண்டும். சென்னைக்காரர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணத் தொலைவில், வயதான அப்பாவோடு இருப்பவருக்கு இது கௌரவமாக வெளியே அனுப்புவது.

மேனேஜரிடம் நான் கேட்டது இதைவிடச் சின்ன விஷயம். ஒருவர் திரையில் இருந்தாலும் மற்ற எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே பேசட்டும். குரூப்பில் வராத டீக்கடை முடிவு செல்லாது. ரேட்டிங்குக்கு நாற்காலியைப் பார்க்காமல் முடித்த வேலையைப் பாருங்கள். "பார்க்கலாம்" என்றார்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011லிருந்து அலுவலகம் நடத்துகிறது. அங்கே விண்ணப்பித்துவிட்டாராம் தென்காசிக்காரர். கிடைத்தால் தினமும் ஆபீஸுக்கே போவார்.