தேஜஸ் பார்க்கப் போனவர் கண்ட சின்ன இயந்திரம்

சூலூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குப் போர் விமானச் சத்தம் புதிதல்ல. 2018-ல் தேஜஸ் விமானங்களின் முதல் படைப்பிரிவு சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்தது. 2020-ல் இரண்டாவது படைப்பிரிவும் அங்கேயே தொடங்கியது. களை எடுக்கும்போதும் மடை மாற்றும்போதும் தலைக்கு மேல் இடி போல ஒரு சத்தம் போகும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் விமானம் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும்.

அந்த விமானத்தை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து விவசாயி ஒருவரின் நெடுநாள் ஆசை. இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் அவர். 2023 பிப்ரவரியில், கல்லூரிப் படிப்பு முடித்திருந்த மகள் அவரை ரயிலேற்றி பெங்களூரு அழைத்துப் போனார்.

பெங்களூருவை அடுத்த எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் 'ஏரோ இந்தியா' கண்காட்சி நடந்து வருகிறது. 2023-ல் பிப்ரவரி 13 முதல் 17 வரை நடந்தது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானம் முதன்முறையாக இந்தியா வந்தது அப்போதுதான். கூட்டம் அதைச் சுற்றி நிற்க, அவர் தேஜஸைத் தேடிப் போனார்.

13 மீட்டர் நீளம்தான். "இத்துனூண்டு வண்டியா அந்தச் சத்தம் போடுது?" என்று வியந்தார். அதன் மேற்பரப்பில் பெரும்பகுதி உலோகம் அல்ல, கார்பன் இழையால் ஆனது. எடை குறைவு, உறுதி அதிகம். இன்னொரு செய்தி அவரை இன்னும் யோசிக்க வைத்தது. தேஜஸ் தானாகச் சீராகப் பறக்கும்படி வடிவமைக்கப்பட்டதல்ல. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக, நிலைகொள்ளாத வடிவத்தையே வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் குச்சியை நிறுத்தும் பையன் கையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருப்பது போல, அதிலுள்ள கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை இறக்கைப் பாகங்களைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கணினி நின்றால் விமானியால் அதைக் கட்டுப்படுத்த முடியாது.

திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது 1983-ல். முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ல். படையில் சேர்ந்தது 2016-ல். மகள் கணக்குப் போட்டு 33 வருடம் என்றதும், "தென்னம்பிள்ளை வச்சாக்கூட ஏழு வருசத்துல காய்ச்சிரும் கண்ணு" என்று சிரித்தார். ஆனாலும் அத்தனை வருடம் விடாமல் நின்றவர்கள் மேல் அவருக்கு மரியாதை வந்தது.

வானத்தில் 'சாரங்' குழுவின் ஹெலிகாப்டர்கள் சாகசம் காட்டின. அந்தக் குழுவுக்கும் சூலூர்தான் இருப்பிடம். ஹெலிகாப்டரின் உடம்பில் மயில் வரைந்திருந்தது. ஊரில் விதைத்ததைப் பொறுக்கித் தின்னும் மயிலைத் துரத்தியே கால் ஓய்ந்தவர், இந்த மயிலுக்கு மட்டும் கைதட்டினார்.

பிறகு கண்காட்சி அரங்கத்துக்குள் நடந்தார்கள். அங்கே ஆறு கைகளோடு, வயிற்றில் 10 லிட்டர் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று இருந்தது. எந்தப் போர் விமானத்தின் முன்னும் நிற்காத நேரம் அவர் அதன் முன் நின்றார்.

காரணம் இருந்தது. அவர் வயலில் ஏக்கருக்குப் பத்து டேங்க் மருந்து அடிக்க வேண்டும். 16 லிட்டர் டேங்கை முதுகில் சுமந்து, ஆள் உயரம் தாண்டிய மக்காச்சோளத்துக்குள் படைப்புழுவுக்கு மருந்தடித்து வந்தால் அன்றிரவு கண் எரியும், தலை வலிக்கும். மருந்தடிக்க ஆளும் கிடைப்பதில்லை. இரண்டு வருடமாக வலது தோள் தூக்க முடியவில்லை. டேங்கைத் தூக்கிவிட மனைவியும், சில நாள் மகளும் வர வேண்டியிருந்தது.

ட்ரோன் ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் போதும். அதுவும் தேஜஸ் போலத் தானாக நிலைகொள்ளாத இயந்திரம்தான். ஆறு விசிறிகளின் வேகத்தையும் ஒரு சின்னக் கணினி ஓயாமல் கூட்டிக் குறைத்து நிறுத்துகிறது.

"ஏனுங்கப்பா, நம்ம காட்டுல இத விடலாமா?" என்று மகள் கேட்டார். அரங்கில் இருந்த இளைஞர் செல்போனில் வரைபடத்தை விரித்தார். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். விமானத் தளத்தை ஒட்டிய நிலத்தில் நினைத்தபடி ட்ரோன் விட முடியாது. தினமும் தலைக்கு மேல் போகும் தேஜஸே இதற்குத் தடையாக நிற்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

விலையும் பல லட்சம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனாலும் இரண்டரை ஏக்கருக்காக ட்ரோன் வாங்குவது கட்டாது. பச்சை மண்டலத்து ஊர்களில் வாடகைக்கு ஓட்டினால் கட்டும். அதை ஓட்டச் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும்.

திரும்பும் ரயிலில் மகள், "நான் படிக்கட்டுங்களா?" என்றார். பொம்பளைப் பிள்ளை காடு காடாகப் போய் மருந்தடிப்பதா என்று உறவுகள் பேசும். அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படி கண்ணு. உன்ற தோள்ல டேங்க் ஏறாம இருந்தாச் சரி" என்றார். அதே ஆண்டு நவம்பரில், 15,000 மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியத்தில் ட்ரோன் தரும் 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தாய் இருக்கும் மகளிர் குழுவில் மகள் அதைப் பற்றிப் பேசினார்.

வாடகைக்கு ட்ரோன் அழைப்பவர்கள் முதலில் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். ஓட்டுபவரிடம் சான்றிதழ் இருக்கிறதா? ட்ரோன் பதிவு செய்யப்பட்டதா? நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது? தண்ணீர் குறைவதால் கரைசல் பலமடங்கு செறிவாக இருக்கும். ஆகவே ட்ரோனில் அடிக்க அனுமதிக்கப்பட்ட மருந்தையே, சொன்ன அளவில் கலக்க வேண்டும். காற்று பலமாக வீசும்போது அடிக்கக் கூடாது. பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ தேனீப் பெட்டியோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மருந்துச் சாரல் பட்ட மல்பெரி இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும்.