பொத்தானுக்குள் பதுக்கிய நிலை

அழுத்தியது எந்த வரிசையின் பொத்தான், அதன் நிலை என்ன என்பதை அந்தப் பொத்தானுக்குள்ளேயே வைத்துவிடுவது கைக்கு எளிது. விசுவல் பேசிக்கின் ‘டேக்’ என்ற பண்பு அதற்கென்றே திறந்துவிட்ட கதவு. ஆனால் திரைக்கூறின் ஆயுளும் தரவின் ஆயுளும் ஒன்றல்ல. ஆண்ட்ராய்டின் ரீசைக்ளர்வியூ, நகர்ந்து மறைந்த வரிசையின் வியூவையே புதிதாக வரும் வரிசைக்கு எடுத்துக்கொள்கிறது. டிக் குறி செக்பாக்ஸில் மட்டும் இருந்தால், மேலே போட்டது கீழே எங்கோ தொடாத வரிசையில் முளைக்கும். போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டியே வழக்கமாக அழிந்து மறுபடி உருவாகிறது; வியூவின் டேக்கில் வைத்தது போயே போச்சு. ஜாவா ஸ்விங்கில் இன்னொரு வேடிக்கை: அழுத்தியது எது என்று நிரலுக்குச் சொல்லும் ஆக்‌ஷன் கமாண்டைக் குறிப்பிடாவிட்டால் பொத்தானின் எழுத்தே அதற்குப் பதிலாக வரும். ‘சேவ்’ என்ற சொல்லோடு ஒப்பிடும் நிரல், பொத்தானில் ‘சேமி’ என்று மாற்றிய அன்றே ஊமையாகிவிடும்.

சின்னப் படிவத்துக்கு, நிலையை வைத்திருக்கத் தனி மாடல் எதற்கு என்பார்கள். ஓரளவு நியாயம்தான். கர்சர் நிற்கும் இடம், ஸ்க்ரோல் நின்ற இடம் எல்லாம் திரைக்கூறின் சொந்த விஷயம். அவற்றை வெளியே இழுப்பது வீண் வேலை. டேக்கையும் ஒதுக்க வேண்டாம். அதில் அடையாள எண்ணை மட்டும் வைத்து, நிலையை மாடலிடம் கேட்டால் போதும். 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் மாடலையும் வியூவையும் பிரித்து எழுதியபோது, ஒரே மாடலுக்குப் பல வியூக்கள் இருக்கலாம் என்பதும் அதில் இருந்தது. பொத்தானுக்குள் நிலை இருந்தால் இரண்டாவது வியூ யாரிடம் போய்க் கேட்கும்?